அப்பாக்கள் இல்லாத கம்பிப் பந்தல்

ஜூலை 3, புதன்

சாயங்காலம் மேகலா டீச்சர் எங்கள் குழந்தைகள் இல்லத்துக்கு வந்தார். என் தங்கை தன்யாவுக்கு இரண்டாம் வகுப்பு டீச்சர். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தன்யா ஏதோ தப்புச் செய்துவிட்டாள் என்று நினைத்தேன். என்னைப் பார்க்கத்தான் வந்தாராம்.

"கௌசிகா, நீதான் பொழுதோட சின்னப் புள்ளைகளுக்குக் கதை படிச்சுக் காட்டறயாமா?"

"ஆமாங்க டீச்சர்."

"அப்ப நீ எனக்கு வேணும்."

சென்னையில் யாரோ வீட்டைக் காலி செய்யும்போது இருந்த புத்தகங்களை எல்லாம் பெட்டி பெட்டியாகத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புக்கு ஆகிற புத்தகங்களைப் பிரித்து எடுக்க வேண்டும். எடுத்ததைக் கம்பிப் பந்தலில் தொங்கவிடப்போகிறார். வகுப்பறையில் குறுக்கும் நெடுக்கும் கட்டின கம்பி அது. பிள்ளைகள் வரைந்த படங்களை அதில் மாட்டுவார்கள். புத்தகத்தைப் பீரோவில் வைத்தால் என்ன என்று வார்டன் மேடம் கேட்டார். "பீரோன்னா பூட்டு. பூட்டுன்னா சாவி. சாவி வெச்சிருக்கறவங்க அன்னைக்கு லீவு" என்றார் டீச்சர். தினமும் ஒரு மணி நேரம் போய்வர மேடம் சம்மதித்தார்.

இரவு சாம்பார் ஊற்றிக்கொண்டே மேடம் இன்னொன்றும் சொன்னார். "கௌசி, உங்கப்பா குழுவுல மனுக் குடுத்துருக்கார். உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறதுக்கு. ஆகஸ்ட்டுல கூப்பிடுவாங்க."

சரிங்க மேடம் என்றேன். பீன்ஸ் பொரியல். நன்றாக வெந்திருந்தது.

குழு என்றால் குழந்தைகள் நலக் குழு. அம்மா இறந்த மறு வருடம் எங்களை இந்த இல்லத்தில் சேர்த்தது அவர்கள்தான். திரும்ப யாரிடம் விடுவது என்றும் அவர்கள்தான் சொல்வார்கள். அப்பாவோடு போக உனக்கு இஷ்டமா என்று தன்யாவிடம் கேட்பார்களாம். என்னிடமும்.

தன்யா போகிறேன் என்பாள்.

எல்லோரும் தூங்கின பிறகு குளியலறைத் தாழ்வார விளக்கடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது வந்தால் கணக்குப் போடுவதாகச் சொல்லிவிடலாம்.

ஜூலை 5, வெள்ளி

முதல் பெட்டியில் ஒன்றும் தேறவில்லை. மருத்துவ நுழைவுத் தேர்வுக் கையேடு, சர்க்கரை நோயாளிக்கான சமையல், மனையடி வாஸ்து.

"வாஸ்துவ ஒண்ணாங் கிளாசுக்கு வெச்சுக்கலாமா?" என்றார் டீச்சர். "கக்கூசு எந்தத் திசையில இருக்கோணும்னாச்சும் தெரிஞ்சுக்கும்."

அடுத்த பெட்டியைத் திறந்தால் முழுக்கச் சின்னப் புத்தகங்கள். அந்த வீட்டில் ஒரு குழந்தை இருந்து வளர்ந்து போயிருக்கிறது. சிலவற்றில் பால் கொட்டின கறை இருந்தது.

எப்படிப் பார்க்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். ஒரு பக்கத்தில் மூன்று இடத்துக்கு மேல் தடுக்கினால் அது மேல் வகுப்புக்கு. எழுத்துத் தெரியாத பிள்ளை படத்தை மட்டும் புரட்டினாலும் கதை ஓட வேண்டும். சத்தமாகப் படித்துப் பார்க்க வேண்டும். நமக்கு வாய் வலித்தால் அவர்களுக்கும் வலிக்கும். கடைசியில் 'இக்கதையால் அறியும் நீதி' என்று இருந்தால் அதன் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிவிட வேண்டும்.

"அது ஏனுங்க டீச்சர்?"

"விருந்துக்குக் கூப்பிட்டு நல்லா சோறு போட்டு, கைகழுவப் போறப்ப பின்னால வந்து கரண்டியால மண்டையில போடற மாதிரி இருக்குது."

குளத்தை விட்டு வெளியே வராத எருமையின் கதையை எடுத்தேன். தும்மல் வந்தால் ஊரே அதிர்கிற தவளை. கரண்டி திருடும் காகம். நான்கு கோழிக்குஞ்சும் ஒரு செருப்பும். இவை நல்ல புத்தகங்கள்.

ஓர் அப்பா மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போகிறார். எழுத்துப் பெரியது. படமும் அழகு. 'வேண்டாம்' பெட்டியில் போட்டேன். அட்டை கொஞ்சம் நைந்திருந்தது.

ஜூலை 6, சனி

எல்லோருக்கும் தலைக்கு எண்ணெய் வைத்தார்கள். வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

கரடி அப்பா குட்டிக்கு மீன் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறது. மை வாசனை அதிகம். வேண்டாம்.

அம்மா ஊருக்குப் போன அன்று அப்பா மகளுக்குச் சடை பின்னுகிறார். ஒரு சடை காதுக்கு மேல் நிற்கிறது, இன்னொன்று முதுகில். நான் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம். தாள் மெலிசு.

மழையில் அப்பா குடையோடு பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகும் நிற்கிறார். கடைசியில் பையன் ஓடி வருகிறான். இதைத் தள்ள எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. பெட்டியின் அடியில் வைத்தேன்.

பூட்டிவிட்டுப் போகிற அப்பா எதிலாவது இருக்கிறாரா என்று எல்லாவற்றையும் புரட்டினேன். இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அப்படி யாரும் எழுதுவதில்லை.

துணி அலசின ஈரத்துக்கு இடதுகைச் சுண்டுவிரல் வலிக்கிறது. அது மடங்காது.

ஜூலை 14, ஞாயிறு

இரண்டாவது ஞாயிறு, பார்க்க வருகிற நாள். அப்பா வந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. முன்பு ஒரு வருடம் வராமல் இருந்தார். இப்போது மாதம் தவறுவதில்லை. தன்யாவுக்குப் பாவாடை சட்டை, தேங்காய் பன், கண் மூடித் திறக்கும் பொம்மை. எனக்கு ஹேர்பேண்ட்.

"வண்டிக்குப் போறத உட்டுட்டனுங்க மேடம்" என்று வார்டனிடம் சொன்னார். "இப்ப உள்ளூர்ல முட்டை வண்டிதான். பொழுதானா வூட்டுக்கு வந்துருவேன். வூட்லயும் ஆளு வந்துருச்சு. நல்ல பொண்ணுங்க. புள்ளைகளப் பாத்துக்கும்."

மேடம் தலையாட்டினார். அப்பா நன்றாகப் பேசுவார். எப்போதுமே நன்றாகப் பேசுவார்.

தன்யா அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு காதில் ஏதோ கேட்டாள். அவர் சிரித்தார்.

"யானையா? முட்டை வண்டியில யானைய ஏத்துனா ஆம்லேட்டுதான்டி என்ற தங்கம்."

அவளும் சிரித்தாள். ஆனால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அம்மிணி, நீ அப்பங்கிட்ட வரமாட்டியா?" என்று என் கையைப் பிடித்தார். இடது கை. மெதுவாகத்தான் பிடித்தார். நான் ஹேர்பேண்டின் அட்டையில் எழுதியிருந்ததை எல்லாம் படித்தேன். சூரிய ஒளி படாத இடத்தில் வைக்கவும் என்று போட்டிருந்தது.

அவர் போன பிறகு தன்யா, "வேப்ப மரத்துல ஊஞ்சல் கட்டிருக்காராம்க்கா. ஒனக்கும் எடமிருக்குதாம்" என்றாள்.

ஜூலை 15, திங்கள்

யானை விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

அம்மா இறந்த பிறகு அப்பா லாரியில் லோடுக்குப் போகும்போது எங்களை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவார். பெண்பிள்ளைகள், காலம் கெட்டுக் கிடக்கிறது என்பார். ஒருமுறை சொன்ன நாளில் வரவில்லை. எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. தன்யாவுக்கு அப்போது பேச்சு நன்றாக வந்துவிட்டது. அப்பா எங்கே, அப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். யானைக்குட்டி வாங்கப் போயிருக்கிறார் என்றேன். யானை லாரியில் ஏறாது, நடத்தித்தான் கூட்டிவர வேண்டும், மெதுவாக நடக்கும், வழியில் குளத்தைக் கண்டால் இறங்கிக்கொள்ளும், அதனால்தான் நேரமாகிறது என்றேன். அம்மாவின் சேலையைக் கட்டிலில் கட்டி யானைக்குக் கொட்டகை போட்டோம்.

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. அவளுக்கு அந்த நாட்களில் நினைவிருப்பது யானை மட்டும்தான்.

ஜூலை 18, வியாழன்

இன்று புத்தகங்களைப் பந்தலில் மாட்டினோம். டீச்சர் ஸ்டூலில் ஏறிக் கம்பியைத் தாழ்த்திக் கட்டினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கை தூக்கினால் எட்டுகிற உயரம். துணிக்கு மாட்டும் கிளிப்தான்.

பிள்ளைகள் முதலில் தொடவில்லை. கிழிந்தால் அடி விழுமா என்று ஒருத்தி கேட்டாள். "கிழிஞ்சா ஒட்டிக்கலாம். படிக்காம வெச்சாத்தான் அடி" என்றார் டீச்சர். அதற்குப் பிறகு சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. லோகித் என்று ஒன்றாம் வகுப்புப் பையன், ஒவ்வொன்றையும் விரித்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறான். எருமைப் புத்தகத்துக்கு இரண்டு பெண்கள் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். தவளை தும்மும் பக்கம் வந்ததும் வகுப்பே தும்மியது.

தன்யா காகத்தை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். மூன்று இடத்தில் தடுக்கினாள். நான்காவது பக்கத்திலிருந்து தடுக்கவில்லை.

"நல்லா எடுத்திருக்கற கண்ணு" என்றார் டீச்சர்.

திரும்பி வந்து பாத்திரம் கழுவினேன்.

ஜூலை 22, திங்கள்

லோகித் என்னிடம் வந்து கேட்டான். "ஏனக்கா, இந்தக் கதையில எல்லாம் அம்மா இருக்குது, மாமா இருக்காரு, எருமைகூட இருக்குது. அப்பாவே இல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் இன்னொருவன், "லோடுக்குப் போயிருப்பார்டா" என்றான்.

லோகித்துக்கு அது போதுமாக இருந்தது. "ஆமா. எங்கப்பாவும் நாக்பூர் போயிருக்காரு. வாரப்ப ஆரஞ்சு கொண்டாருவாரு."

"எங்கப்பா கல்கத்தா. போனாருன்னா மாசமாகும்."

"எங்கப்பா வாரப்ப தூரத்துலயே ஆரன் அடிப்பாரு. எங்கம்மா ஒடனே ஒலை வெச்சுரும்."

இந்த ஊரில் பாதி வீட்டில் அப்பா லாரியில் இருப்பார். எனக்கு இது தெரியாதது இல்லை. நானும் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளைதான். ஆனாலும் தோன்றவில்லை. புத்தகத்தில் அப்பா இல்லை என்றால், இவர்களுக்கு அவர் இல்லாமல் போய்விடுவதில்லை. வந்துகொண்டிருக்கிறார். ஏதோ கொண்டு வருகிறார்.

ஜூலை 25, வியாழன்

இப்போது வகுப்பில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு புத்தகம் முடிந்ததும், இந்த வீட்டு அப்பா எங்கே போயிருக்கிறார், என்ன கொண்டு வருவார் என்று சொல்ல வேண்டும். காகத்தின் அப்பா சூரத்துக்குப் போயிருக்கிறார், வெள்ளிக் கரண்டி கொண்டு வருவார். டீச்சருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. சுவரின் அடியில் ஆளுக்கொரு கட்டம் பிரித்த கரும்பலகை இருக்கிறது. அதில் வரையச் சொன்னார்.

தன்யா தன் கட்டத்தில் யானை வரைந்தாள். பக்கத்தில் ஓர் ஆள், கையில் கயிறு. எழுந்து நின்று எல்லோருக்கும் சொன்னாள்.

"எங்கப்பா ரொம்ப தூரம் போயிருந்தாருங்க டீச்சர். அதான் நேரமாயிருச்சு. இப்ப வந்துட்டாருங்க. எங்களக் கூட்டிட்டுப் போகப் போறாருங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். விரல் தட்டுப்பட்டு வலித்தது.

ஆகஸ்ட் 1, வியாழன்

மேகலா டீச்சர் 'வேண்டாம்' பெட்டியைத் திறந்துவிட்டார். பழைய பேப்பர்காரருக்குப் போடலாம் என்று எடுத்திருக்கிறார். நான் போனபோது மேசையில் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். தேர், கரடி, சடை, குடை.

"இதெல்லாம் ஏன் கண்ணு வேண்டாம்?"

"அட்டை நைஞ்சிருக்குங்க டீச்சர்."

"இது நையலையே."

"மை வாசனைங்க."

அவர் புத்தகத்தை முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"அப்பாவ நெனச்சு இவ்வளவு ஏங்கறயா? பாத்தாத் தாங்காதுன்னு எடுத்து ஒளிச்சு வெச்சயா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். குடைப் புத்தகத்தின் தூசியைத் துடைத்தேன். அவர் என் தலையைத் தடவினார். தேங்காய் எண்ணெய் நாற்றம் அவர் கையில் ஒட்டியிருக்கும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அப்பா புத்தகங்கள் எல்லாம் பந்தலில் தொங்குகின்றன. டீச்சரே மாட்டிவிட்டார். தன்யா சடைப் புத்தகத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

டீச்சர் வார்டன் மேடத்திடமும் சொல்லிவிட்டார். மேடம் என்னைக் கூப்பிட்டு, "நீ வாயத் தொறந்து எதும் சொல்றதில்ல. டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியுது. ரெண்டு பேரும் அப்பாவுக்கு ஏங்கறீங்கன்னு ரிப்போர்ட்டுல எழுதீட்டேன். நல்லபடியா முடியும், பயப்படாத" என்றார்.

இரவு உப்புமா. முழுவதும் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மழை. கொடியில் இருந்த துணி எல்லாம் நனைந்துவிட்டது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அப்பா, வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற சித்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் பிரேமலதா. எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு அக்காக்கள் இருப்பார்களே, அவர்களைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். மஞ்சள் சேலை, முழுக்கை ரவிக்கை. வெயில் காலம் இல்லைதான், ஆனாலும் யாரும் முழுக்கை ரவிக்கை போடுகிற குளிர் இல்லை.

"பேசு" என்றார் அப்பா.

"நல்லாப் படிக்கறீங்களா?" என்று கேட்டார் அவர். வாங்க போங்க என்றுதான் பேசினார்.

தன்யா அவருக்குத் தேர் படத்தைப் பற்றிச் சொன்னாள். அவர் குனிந்து கேட்டார். நல்ல முகம். சிரிக்கும் முன்பு அப்பாவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பன் மேல் ஈ வந்து உட்கார்ந்தது. அப்பா அதை விரட்டக் கையைத் தூக்கினார். நானும் சித்தியும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்தோம்.

நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அப்பா வார்டன் மேடத்திடம் ஊஞ்சலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

தன்யா பொம்மையையும் பாவாடையையும் பையில் எடுத்து வைத்துவிட்டாள். என் ஹேர்பேண்டையும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றினார்கள். லட்டு கொடுத்தார்கள். மேகலா டீச்சர் வந்திருந்தார். அவரிடம் போய் நின்றேன். "என்ன கண்ணு?" என்றார். "லட்டு நல்லா இருக்குதுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

காலையில் துவைக்கிற கல்லடியில் தன்யாவை உட்கார வைத்தேன். மற்றவர்கள் டிவி பார்க்கப் போயிருந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எது எது சொல்லலாம் என்று முன்பே யோசித்து வைத்திருந்தேன். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன்.

"அப்பா யானை வாங்கப் போகல, தன்யா."

"பின்ன?"

"நம்மள உள்ள வெச்சுப் பூட்டீட்டு லோடுக்குப் போயிட்டாரு. சொன்ன நாளுக்கு வரல. அரிசி தீந்துபோச்சு. அப்பறம் தண்ணியும் தீந்துபோச்சு. நீ அழுத. நீ அழுகக் கூடாதுன்னு யானைன்னு நாந்தான் சொன்னேன்."

"பொய்யி."

"யானைதான் பொய்யி."

அவள் சோப்புப் பெட்டியைத் திறந்து திறந்து மூடினாள். "அப்பறம் வந்தாருல்ல?"

"வந்தாரு. அதுக்குள்ள நான் சன்னல்ல நின்னு கத்துனேன். பக்கத்து வீட்டுக்காரங்க வந்து பூட்ட ஒடச்சுச் சோறு குடுத்தாங்க. அப்பா வந்து, எவளக் கூப்பிட்டேன்னு கேட்டாரு." விரலை நீட்டிக் காட்டினேன். "கதவுல மாட்டிக்கிச்சுன்னு அவருதான் எல்லார்கிட்டயும் சொன்னாரு. கதவுல மாட்டல."

அவள் என் விரலைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள். அது மடங்கவில்லை. உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்ப யானையே இல்லையா?"

"இல்ல."

"எப்பவுமே இல்லையா?"

"எப்பவுமே இல்ல."

ஈரத் துண்டால் என்னை அடித்தாள். பிறகு கையால் அடித்தாள். தோள், முதுகு, முகம். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சின்னக் கை. ஓய்ந்ததும் எழுந்து போய்விட்டாள். நான் மீதித் துணியை அலசிப் போட்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

தன்யா பேசவில்லை. பாயை எடுத்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

குழுவுக்குப் போனோம். வார்டன் மேடம், நான், தன்யா, ஆட்டோவில். அப்பா முன்பே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சித்தி வரவில்லை. அவருக்குக் காய்ச்சலாம்.

முதலில் தன்யாவைக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது ஒரு மிட்டாய் வைத்திருந்தாள், பிரிக்காமல்.

அடுத்து நான். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட அம்மா. அவர் தாளைப் பார்த்துப் படித்தார்.

"அப்பாவ நெனச்சு ரொம்ப ஏங்கறதா எழுதியிருக்காங்களேம்மா. போறதுக்கு இஷ்டமா?"

வெளி ஆளைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று என் கைக்குத் தெரியும். அது தானாகவே மேசைக்கு அடியில் போய்விட்டது. அவர்கள் காத்திருந்தார்கள். கதவுக்கு வெளியே அப்பா யாரிடமோ சிரித்துப் பேசுகிற சத்தம்.

தன்யா அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்திருந்தாள். அது நினைவுக்கு வந்தது.

"எங்க வீட்டுல பூட்டு வெளிய இருந்துச்சுங்க" என்றேன்.

ஒரு வாக்கியம் வந்ததும் அடுத்தது வந்தது. ஒன்றாம் வகுப்புப் புத்தகம் மாதிரி. பூட்டு. அரிசி. தண்ணீர். சன்னல். விரல். அழவில்லை. வேறு யாருடைய கதையையோ சத்தமாகப் படிக்கிற மாதிரியே இருந்தது. கண்ணாடி போட்ட அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கையைக் காட்டும்மா" என்றார்.

மேசைக்கு மேல் வைத்தேன்.

"அந்த ரிப்போர்ட்டு தப்புங்க. எழுதுனவங்க மேல தப்பில்லைங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. அப்பறம், அங்க பிரேமலதான்னு ஒரு சித்தி இருக்காங்க. அவங்களுக்குக் காய்ச்சல் இல்லைங்க. யாராச்சும் போய்ப் பாருங்க."

வெளியே வந்தபோது அப்பா எழுந்து நின்றார். "என்ன அம்மிணி சொன்ன?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வார்டன் மேடத்துக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். மேடத்தின் சேலையைப் பிடித்துக்கொண்டேனாம், அவர் பிறகு சொன்னார்.

எங்களை அனுப்பவில்லை. அப்பா வீட்டுக்கு ஆள் போய் விசாரிப்பார்களாம். அதுவரை அவர் ஞாயிற்றுக்கிழமை வரக் கூடாது.

தன்யா ஆட்டோவில் வழி முழுக்க அழுதாள். மேடம் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு. என் பக்கம் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

குழுவில் நடந்ததை வார்டன் மேடம் சொல்லியிருக்க வேண்டும். மேகலா டீச்சர் என்னைக் கண்டதும் ஸ்டூலில் ஏறி அப்பா புத்தகங்களைக் கழற்ற ஆரம்பித்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் ஒரு மடச்சி" என்று கிளிப்பிடம் சொல்வது போலச் சொன்னார்.

"இருக்கட்டும்ங்க டீச்சர். நல்ல புத்தகம்தானுங்க அது."

"உனக்கு?"

"லோகித்து அந்தக் குடைப் புத்தகத்த அவங்கப்பாகிட்டக் காட்டோணும்னு வெச்சிருக்கானுங்க. நாளைக்கு நாக்பூர்ல இருந்து வர்றாராம்."

அவர் இறங்கிவிட்டார். புதிதாக ஒரு பெட்டி வந்திருக்கிறது. நாளை பார்க்கலாம் என்றார்.

ஆகஸ்ட் 24, சனி

தன்யா இன்னும் என்னோடு பேசவில்லை. பாயும் அந்தக் கோடியில்தான்.

இல்லத்துக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். ஆறு வயது இருக்கும். மதியம் முழுக்க யாரிடமும் சோறு வாங்கவில்லை. இரவுச் சாப்பாட்டு வரிசையில் தன்யாவுக்கு அடுத்து நின்றாள். நான் அவர்களுக்கு இரண்டு ஆள் பின்னால் தட்டோடு நின்றேன். நான் நிற்பது தன்யாவுக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளை என்னைக் காட்டி, "அந்த அக்கா யாரு?" என்று கேட்டாள்.

தன்யா திரும்பவில்லை.

"எங்கக்கா. பொய்யிச் சொல்லும்" என்றாள். தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஆனா அடிக்காது. நீ அதுகிட்டப் போய் ஒக்காந்துக்க."

அந்தப் பிள்ளை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரசம் காரமாக இருந்தது. அவளுக்கு மோர் வாங்கி ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். சாப்பிட்டாள்.